தன்முனைப்பு உரை கேட்டால் விடாமுயற்சி வந்துவிடுமா?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளியாகி, பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் புறப்படும் பருவம் வந்துவிட்டால் நம் ஊர் மண்டபங்களில் இடம் கிடைக்காது. ஆலய நிர்வாகமோ, நற்பணி மன்றமோ, முன்னாள் மாணவர் சங்கமோ ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருக்கும். பதாகை, பொன்னாடை, மதிய உணவு, நடுவே இரண்டு மணி நேரத் தன்முனைப்பு உரை. வறுமையில் பிறந்து வென்றவர்களின் கதைகளைப் பேச்சாளர் சொல்வார். விளக்கை அணைக்கச் சொல்லி, கண்ணை மூடி அம்மா அப்பாவை நினைத்துப் பாருங்கள் என்பார். பிள்ளைகள் அழுவார்கள், பின் வரிசையில் பெற்றோரும் கண்ணைத் துடைப்பார்கள். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று "விடமாட்டேன், வெல்வேன்" என்று மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மாணவராகவோ பெற்றோராகவோ நீங்களும் அந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். வகுப்பு தொடங்கி ஆறாவது வாரம். முதல் இடைத்தேர்வில் 100க்கு 31. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த இரவில், மண்டபத்தில் கேட்ட உரையில் எது கைகொடுக்கும்?

விடாமுயற்சி எங்கிருந்து வருகிறது என்பதை உளவியல் கடந்த இருபது ஆண்டுகளாக விடாமுயற்சியோடு அளந்து வந்திருக்கிறது. அந்த அளவீடுகளைப் பார்க்கும்போது, நம் சமூகம் காசையும் நேரத்தையும் தவறான இடத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. உரை கேட்பதால் யாரும் கெட்டுப்போவதில்லை, அது இருக்கட்டும். படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவோ சொல்லிக் கொடுத்தோம், இவனுக்கு மனவுறுதி போதவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது.

இந்தத் தீர்ப்புக்கு அறிவியல் சாயம் பூசிய சொல் ஒன்று உண்டு. 'கிரிட்' என்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் அஞ்சலா டக்வொர்த் 2007இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையால் உலகப் புகழ் பெற்ற சொல். நெடுநாள் இலக்கு ஒன்றின் மீது மாறாத ஈடுபாடும், அதற்காகத் தளராமல் உழைக்கும் குணமும் சேர்ந்ததுதான் கிரிட். அமெரிக்காவின் வெஸ்ட் பாய்ண்ட் ராணுவக் கல்லூரியில் முதல் கோடைகாலப் பயிற்சி மிகக் கடுமையானது. அதில் யார் தாக்குப்பிடிப்பார், யார் மூட்டை கட்டுவார் என்பதை, கல்லூரி தன் நுழைவு மதிப்பெண்களால் கணித்ததைவிட ஒரு சிறிய கேள்வித்தாள் நன்றாகக் கணித்தது. செய்தி பரவியது. நம் தன்முனைப்பு மேடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

மேடைக்கு வராத பகுதி ஒன்று அதே கட்டுரையில் இருக்கிறது. அங்கே ஆராயப்பட்ட பல்வேறு வெற்றிகளில், ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் கிரிட் விளக்கிய பங்கு சராசரியாக 4 விழுக்காடு. மறைத்துவைத்த இரகசியம் ஒன்றுமில்லை, ஆய்வாளர்களே எழுதிய எண்தான். 2017இல் மார்கஸ் கிரேடே என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 88 மாதிரிகளை, ஏறக்குறைய 67,000 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கிரிட் என்பது பொறுப்புணர்வு என்று உளவியலாளர்கள் முன்பே அளந்துவந்த குணத்திலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்பது அவர்களின் முடிவு. கல்லூரி மதிப்பெண்ணைக் கணிப்பதில் கிரிட்டைவிட எளிய ஒன்று முந்திக்கொள்கிறது: வகுப்புக்குப் போவது. அதே கிரேடே 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, வகுப்பு வருகை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைவிடவும் நல்ல அறிகுறி. மேடையில் இதைச் சொன்னால் யாரும் அழமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெஸ்ட் பாய்ண்டில் கல்விக் கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் உண்டு, மாதப் படியும் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் சமமாகக் கிடைத்துவிட்ட பிறகு எஞ்சும் வேறுபாடுகளில் மனவுறுதி பளிச்சென்று தெரிவதில் வியப்பில்லை. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து, பி.டி.பி.டி.என். பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை என்று மூன்றாவது வாரமாக மெகி மீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் மேல் போர்த்துவது நியாயமா? டக்வொர்த்தே, தன் கேள்வித்தாளை வைத்துப் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார். தன்னைத் தானே மதிப்பிடும் கேள்வித்தாள் அது. கண்டிப்பான சூழலில் இருப்பவர் தன்னைக் குறைவாகவே மதிப்பிட்டுக்கொள்வார்.

அப்படியானால் மன ஆற்றல் என்று எதுவுமே இல்லையா? உண்டு. அது என்ன, எதனால் ஆனது என்பதில்தான் நாம் குழம்புகிறோம்.

நம்பிக்கை என்ற ஒரு சொல்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் பேராசிரியராக இருந்த ஃபிரெட் லூத்தன்ஸ், 2000க்குப் பிறகு 'உளவியல் மூலதனம்' என்ற கருத்தை முன்வைத்தார். அதில் நான்கு கூறுகள். இலக்கை அடையலாம் என்ற நம்பிக்கை. 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்று தன் திறன் மீதுள்ள நம்பிக்கை. விழுந்தால் மீண்டெழும் ஆற்றல். நடப்பது நல்லதாகவே இருக்கும் என்ற நன்னம்பிக்கை. முதலில் அலுவலக ஊழியர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. பிறகு கல்லூரி மாணவர்களிடமும் அளந்து பார்க்கலானார்கள். மூலதனம் என்ற உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. பிறவிக் குணம் என்றால் இருக்கும் அல்லது இருக்காது. மூலதனம் என்றால் சேர்க்கலாம், செலவழியும், சில நேரம் கடனாகவும் வாங்கலாம்.

நான்கில் மூன்றைத் தமிழில் சொல்ல நம்பிக்கை என்ற ஒரே சொல்லைத்தான் மீண்டும் மீண்டும் எடுக்கவேண்டியிருந்தது, பார்த்தீர்களா? கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, நண்பன் மேல் வைப்பதும் நம்பிக்கை, பாஸ் ஆகிவிடுவேன் என்பதும் நம்பிக்கை. அன்றாடப் பேச்சுக்கு அதுவே போதும். ஆனால் மேடையில் "நம்பிக்கை வை" என்று சொல்லும்போது எந்த நம்பிக்கை என்று பேச்சாளரும் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சி. ஆர். ஸ்னைடர் இதைப் பிரித்துக் காட்டினார். அவர் கணக்கில் நம்பிக்கைக்கு இரண்டு கால்கள். ஒன்று, போக வேண்டும் என்ற மனம். மற்றொன்று, போவதற்கு வழிகள் தெரிந்திருப்பது. 'வழி' என்று ஒருமையில் சொல்லவில்லை, 'வழிகள்'. ஒன்று அடைபட்டால் அடுத்ததை எடுக்கத் தெரிந்தவரையே அவர் நம்பிக்கை மிக்கவர் என்றார். முதலாமாண்டு மாணவர்களை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து அவர் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் இந்த அளவில் உயர்ந்திருந்தவர்கள் பின்னாளில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றார்கள், பட்டம் முடித்தவர்களும் அவர்களிடையே அதிகம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

மனமுண்டானால் மார்க்கமுண்டு என்று நாம் சொல்கிறோம். ஸ்னைடரைக் கேட்டால், இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பார் என்பார். நம் பிள்ளைகளுக்கு மனம் உண்டு, பஞ்சமே இல்லை. மார்க்கத்தில்தான் இடிக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோத்தா கினபாலுவுக்குப் போன ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் பல்கலைக்கழகம் பார்க்கும் முதல் ஆள். புள்ளியியலில் 31 வாங்கியதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி 'இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பது'. விரிவுரையாளரைச் சந்திக்கத் தனியாக நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. தெரிந்தாலும் கதவைத் தட்டத் தயக்கம். கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்கள் எங்கே கிடைக்கும், மூத்த மாணவர்களின் குறிப்புகள் எந்தப் புலனக் குழுவில் சுற்றுகின்றன, ஒரு பாடத்தை எந்த வாரத்துக்குள் கைவிட்டால் மதிப்பெண் பட்டியலில் தோல்வியாக ஏறாது, குறுகிய பருவத்தில் மீண்டும் எடுக்கலாமா? பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும் தகவல்கள் இவை. பெட்டியில் மடித்து வைத்து அனுப்பிய மூலதனம் என்றும் சொல்லலாம்.

நம் பிள்ளை அதே பாடத்தை அதே முறையில் இன்னும் நீண்ட நேரம் படிப்பாள். அடுத்த தேர்விலும் 34 வரும். அதன் பிறகு தளர்ந்துவிட்டால் அது மனத்தின் குற்றமா?

செயலற்று நிற்பது கற்றுக்கொண்டதல்ல

இந்தத் தளர்ச்சியைப் பற்றி உளவியலில் ஒரு பழைய கதை இருக்கிறது. அதன் முடிவு அண்மையில் மாறிவிட்டது. பலருக்கு இன்னும் பழைய முடிவுதான் தெரியும்.

1960களில் பென்சில்வேனியாவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் மாணவர்களாக இருந்தார்கள். நாய்களை வைத்து அவர்கள் செய்த சோதனை இன்று மனம் ஒப்பாது, ஆனால் நடந்தது நடந்துவிட்டது. இரண்டு நாய்களுக்கு ஒரே அளவு மின்அதிர்ச்சி. முதல் நாய் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது நாய் என்ன செய்தாலும் நிற்காது. முதல் நாய் நிறுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். மறுநாள், தாண்டிக் குதித்தாலே தப்பிவிடக்கூடிய தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். முதல் நாய் குதித்தது. இரண்டாவது வகை நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு குதிக்க முயலாமல் அப்படியே படுத்துவிட்டன. எதுவும் பயன்படாது என்பதை அவை கற்றுக்கொண்டன என்று 1967இல் எழுதினார்கள். 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பாடப்புத்தகங்களில் ஏறியது.

மையர் பின்னர் நரம்பியல் பக்கம் போய், எலிகளின் மூளையில் இதே நிகழ்வைப் பல்லாண்டு தேடினார். 2016இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் தங்கள் பழைய விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பம் வந்தால் செயலற்றுப்போவது கற்றுக்கொண்டது அல்ல. மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்பணுத் தொகுதி இயல்பாகவே அப்படிச் செய்கிறது. பாலூட்டிகளின் மூளை பிறந்தபோதே கொண்டுவந்த ஏற்பாடு அது. 'நான் செய்வதால் நிலைமை மாறுகிறது' என்பதைத்தான் விலங்கு கற்றுக்கொள்கிறது. நெற்றிக்குப் பின்புறமுள்ள முன்மூளைப் புறணி அதைக் கண்டுகொண்டதும், கீழே உள்ள அந்தத் தொகுதியை அடக்குகிறது. ஒருமுறை அப்படிக் கட்டுப்பாட்டை உணர்ந்த எலி, பிறகு தப்ப முடியாத துன்பம் வந்தபோதும் எளிதில் செயலற்றுப்போகவில்லை. ஏதோ தடுப்பூசி போட்டதுபோல.

எலியிலிருந்து மாணவருக்கு ஒரே தாவாகத் தாவிவிடக் கூடாது. ஆனாலும் இந்தத் திருப்பம் நம் கேள்வியை மாற்றிவிடுகிறது. 'இவன் ஏன் தளர்ந்தான்' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். தளர்வதுதான் இயல்பு என்றால், 'தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதை இவன் எங்கே, எப்போது கண்ணால் கண்டான்' என்று கேட்கவேண்டும். ஆல்பர்ட் பந்தூரா வேறொரு வழியாக இதே இடத்துக்கு 1977லேயே வந்திருந்தார். தன் திறன் மீதுள்ள நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். அவற்றில் மிக வலுவானது தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் வாயால் சொல்லும் ஊக்கம் வலுவில் குறைந்தது. நடைமுறையில் முதல் தோல்வியே அதை அழித்துவிடலாம் என்றார். நம் மண்டபங்களில் நாம் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்த வகை ஊக்கத்தைத்தான்.

முதல் ஆறு வாரத்தில் ஒரு சின்ன வெற்றி கிடைக்கவேண்டும். ஒரு ஆய்வுக்கூட அறிக்கையைத் திருத்தி மறுபடி கொடுத்து மதிப்பெண் கூடியதைக் கண்டால் போதும். மூத்த மாணவரோடு உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டு விடை சரியாக வந்தாலும் போதும். பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். அந்தப் புறணிக்கு வேண்டியது அதுதான்.

வழியில் நிற்பவை

மனத்துக்குள் இருப்பதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையும் இன்னொரு தன்முனைப்பு உரையாகிவிடும். இடத்தைப் பற்றியும் காசைப் பற்றியும் பேசவேண்டும்.

இடம் என்றால், 'நான் இங்கே உரியவன்தானா' என்ற ஐயம். நான்காம் வரிசையில் தமிழ் முகம் ஒன்றும் தெரியாத வகுப்பு. மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்க வாயெடுக்கும் முன் மூன்று முறை மனத்துக்குள் ஒத்திகை. இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல. 2011இல் கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோகன் இருவரும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களிடம் ஒரு மணி நேரப் பயிற்சி நடத்தினார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் தோன்றும், போகப் போகச் சரியாகிவிடும் என்று மூத்த மாணவர்கள் சொன்ன அனுபவங்களைப் படித்து, தங்கள் சொந்த அனுபவத்தை எழுதவேண்டும், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது.

மந்திரம் போலத் தெரிகிறது. மந்திரம் இல்லை என்பதை 2023இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. 22 கல்விக்கூடங்களில் 26,911 மாணவர்களிடம் இதே பயிற்சியின் சுருக்கத்தை இணையம்வழி நடத்தினார்கள். முதலாமாண்டை முழுநேர மாணவராகவே முடித்தவர்கள் கூடினார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. அந்தப் பின்னணி மாணவர்களுக்கு உண்மையிலேயே இடம் கொடுத்த கல்விக்கூடங்களில் மட்டுமே விதை முளைத்தது. மற்ற இடங்களில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. 'உனக்கு இங்கே இடம் உண்டு' என்று சொல்வதோடு, இடமும் இருக்கவேண்டும்.

காசுக்கு வருவோம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் டிப்ளோமாவுக்கு நிகராகச் சொல்லத்தக்க ஈராண்டுப் படிப்பில் சேரும் ஏழை மாணவர்களுக்கானது. முழுநேரமாகப் படிக்கவேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் விழும் துண்டைத் திட்டம் கட்டும். பாடப்புத்தகம் இலவசம். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பயண அட்டை இலவசம். குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களைக் கவனிக்கும் ஓர் ஆலோசகரை அடிக்கடி பார்க்கவேண்டும். தகுதியுள்ள 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினர் படிப்பை முடித்திருந்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர். பின்னர் ஒஹாயோ மாநிலத்திலும் செய்து பார்த்தார்கள். அங்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நிதானமாக யோசியுங்கள். குலுக்கலில் பிரித்ததால், இரு பக்கமும் மனவுறுதி ஒரே அளவில்தான் இருந்திருக்கும். ஒரு பக்கத்துக்குப் பேருந்து அட்டையும் புத்தகமும் பேச ஓர் ஆளும் கிடைத்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பக்கம்தான் 'விடாமுயற்சி உள்ள மாணவர்கள்'. ஒரு மாணவருக்கான செலவு கூடியது உண்மை. ஆனால் முடித்தவர்கள் பெருகியதால், முதல் ஆய்வில் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

பணமுடை மனத்தையே பிடித்துவைக்கிறது என்பதற்கு ஒரு சான்று தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கரும்பு பயிரிடும் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லை, அடகுக்கடையில் நகை. பின் கையில் பணம். அதே மனிதர், அதே மூளை. ஆனால் அறுவடைக்கு முன் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகச் செய்தார். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. இரவு பத்து மணிவரை மோட்டாரில் உணவு விநியோகம் செய்துவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் உட்காரும் மாணவரைக் கேட்டால், விவாதத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

விடவேண்டியதை விடுவது

விடாமுயற்சியைப் புகழ்பவர்கள் அதன் மறுபக்கத்தைத் தொடுவதே இல்லை. கிரிட் மிகுந்தவர்கள் தோற்கும் வேலையிலும் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. எழுத்துகளை மாற்றிச் சொல் கண்டுபிடிக்கும் சோதனையில், தீராத கேள்வியிலேயே நின்று மொத்தத்தில் குறைவான கேள்விகளைத் தொட்டார்கள். தேர்வு மண்டபத்தில் இந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். கனடாவில் கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளர், எட்டாத இலக்கை விட்டு விலகி வேறொன்றில் மனத்தைச் செலுத்தத் தெரிந்தவர்களின் மனநலம் நன்றாக இருப்பதைத் தொடர்ந்து கண்டுவருகிறார்.

இதைப் பெற்றோருக்கே சொல்கிறேன். நம் சமூகத்தில் மருத்துவம் என்ற ஒரு கனவு பல வீடுகளை ஆள்கிறது. பிள்ளை கேட்டதா, நாம் கேட்டதா என்பதே சில வீடுகளில் மறந்துபோயிருக்கும். வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாம் ஆண்டில் பிள்ளை "எனக்கு முடியவில்லை" என்றால் நமக்கு வாயில் வரும் முதல் சொல் "விட்டுவிடாதே". சில நேரம் அது சரி. சில நேரம் அந்தப் பிள்ளை ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் தேர்வறைக்கே போகாமல் இருந்திருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கக் காது வேண்டும். முழக்கம் அதற்கு உதவாது.

நம் பேச்சாளர்களுக்குத் திருக்குறள் இல்லாமல் உரை நகராது. ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்களிலிருந்து மளமளவென்று எடுப்பார்கள். அவை 60, 62, 63ஆம் அதிகாரங்கள். அவற்றுக்கு முன்பே 47 முதல் 50 வரை வரிசையாக நிற்பவை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்னவைதான். ஆனாலும் வலியும் காலமும் இடமும் அறிந்துகொள்ளச் சொன்ன பிறகே முயற்சிக்கு வருகிறது அந்த நூல். நாம் பின்பாதியை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டோம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டுக் குழு கூடும்போது, உங்களில் யாராவது குழுவில் இருந்தால், வரவுசெலவுத் தாளை ஒருமுறை வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். மண்டபம், பதாகை, பொன்னாடை, பேச்சாளர் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, அதில் பாதியை ஒதுக்கினால் உங்கள் ஊரிலிருந்து இந்த ஆண்டு போகும் எத்தனை பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதப் பேருந்துச் செலவு தேறும்? கடன் பணம் வரும்வரை, வட்டியில்லாமல், கேள்வி கேட்காமல் முந்நூறு ரிங்கிட் கைமாற்றுத் தர ஒரு சிறு நிதி ஆகுமா? காசே ஆகாத ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வளாகத்தில் படிக்கும் ஒரு மூத்த மாணவரின் எண்ணை வாங்கிக் கொடுத்து, அந்த மூத்தவரிடமும் சொல்லிவையுங்கள். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, முதல் மதிப்பெண் வரும் நேரம் பார்த்து அவரே கூப்பிடட்டும். பிள்ளை கூப்பிடும் என்று காத்திருந்தால் கூப்பிடாது.

வீட்டிலிருந்து கூப்பிடும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. "நல்லா படிக்கிறியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது, அதைப் பற்றி யாரிடம் கேட்டாய், அவர் சொன்னது நடக்கவில்லையென்றால் அடுத்து யாரைக் கேட்பாய் என்று மெல்லக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லத் திணறினால், பாடத்தைக் கைவிடும் கடைசி நாள் எது என்று அன்றைக்கே இருவரும் சேர்ந்து பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியில் தேடிப் பார்த்துவிடுங்கள்.